ரொட்டிக்கடை முன் நின்ற படை

எங்கள் ஸ்ட்ராத்கெல்டி குதிரைப்படையில் அறுநூறு ஆட்களும் நாற்பத்தைந்து டாங்கிகளும் ஒரு குதிரையும் இருந்தன. குதிரைப்படை என்ற பெயருக்கு அந்த ஒற்றைக் குதிரைதான் ஆதாரம். அதன் நான்கு குளம்புகளுக்கும் ஆறு வாரத்துக்கு ஒரு முறை லாடம் அடிப்பதற்காக அரசாங்கம் ஒரு முழு ஆளை வைத்திருந்தது. அவர்தான் கார்ப்பரல் வாட்டி கெடஸ். குறைந்த வேலையை நிறைவாகச் செய்த மனிதர் ஸ்காட்லாந்திலேயே அவர் ஒருவர்தான் என்று துணிந்து சொல்வேன். அந்தப் படையின் அலுவலகத்தில் பதினோரு வருடம் தட்டச்சு செய்தவன் நான். நிறைய வேலையைக் குறைவாகச் செய்தவர்களைத் தினமும் பார்த்தவன்.

குதிரையின் பெயர் பிஷப். எங்கள் திருச்சபையில் பிஷப் என்ற பதவியே கிடையாது; முந்நூறு வருடங்களுக்கு முன்பே சண்டை போட்டு ஒழித்துவிட்டோம். ஒழித்த பிறகு ஏதோ குறைகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். சாம்பல் வெள்ளை நிறம், கணுக்காலில் தாடி போலத் தொங்கும் ரோமம், யார் என்ன பேசினாலும் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்ளும் பொறுமை, இதையெல்லாம் பார்த்து யாரோ அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அணிவகுப்பில் இரண்டு வெள்ளி முரசுகளைச் சுமந்துகொண்டு படைக்கு முன்னால் நடப்பது அதன் வேலை. பதிவேட்டில் அதன் பதவி சார்ஜென்ட். அதாவது வாட்டிக்கு ஒரு படி மேல். மேலதிகாரியின் காலைப் பிடித்து முன்னுக்கு வந்தவர்கள் எங்கள் படையில் பலர் உண்டு. இருபத்தைந்து வருடம், அடுத்தடுத்து மூன்று முரசுக் குதிரைகளின் காலைப் பிடித்தும் கார்ப்பரலாகவே இருந்தவர் வாட்டி மட்டும்தான்.

எங்கள் படையின் மரபுகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் மற்றது விளங்கும். அதிகாரிகள் அணிவகுப்பில் வலது கைக்கு மட்டும் உறை போடுவார்கள். ஏதோ ஒரு காலத்தில் உறை தைத்து அனுப்பியவன் வலது கை உறைகளாகவே மூட்டை கட்டி அனுப்பிவிட்டான். அடுத்த வருடமும் அதே ஆள் அதே மூட்டையை அனுப்பினான். அதற்குப் பிறகு இடது கைக்கு உறை போடுவது ஒழுங்கீனமாகிவிட்டது. விருந்தில் சூப்பை நின்றுகொண்டுதான் குடிப்போம். ஒரு குளிர்காலப் போர்முகாமில் நாற்காலிகளை உடைத்து விறகாக்கிவிட்டார்கள். அடுத்த குளிர்காலத்தில் புது நாற்காலிகள் சூப்புக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன. டாங்கிக்குள் உட்காருகிறவனும் காலில் குதிரையைக் குத்தி ஓட்டும் குதிமுள் மாட்டியிருப்பான். அவன் எதைக் குத்துவான் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

எழுதாத சட்டம் இதுதான்: ஒரு காரியம் ஒரு முறை நடந்தால் அது குற்றம், இரண்டு முறை நடந்தால் அது மரபு. குற்றத்துக்குத் தண்டனை உண்டு, மரபுக்கு மரியாதை உண்டு. நடுவில் எதுவும் கிடையாது.

வாட்டியின் கதை இன்வர்கெல்டி ஊரின் பால் வண்டியில் தொடங்குகிறது. அப்பா வண்டிக்காரர். பதினேழு வயதில் வாட்டி குதிரை மேல் உள்ள ஆசையில் குதிரைப்படையில் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் வருடம் படை குதிரைகளை எல்லாம் அனுப்பிவிட்டு டாங்கிகளை வாங்கிக்கொண்டது. குதிரைக்காக வந்தவரை இரும்புப் பெட்டிக்குள் உட்காரவைத்து உலகப் போரில் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கோதுமை வயலில் அவருடைய டாங்கி எரிந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரில் வெளியே வந்தது அவர் மட்டும். இடது காது போயிற்று. மற்ற நால்வரைப் பற்றி அவர் வெகு காலம் என்னிடம் ஒரு முறைதான் பேசியிருந்தார், அதுவும் அவர்கள் என்ன சீட்டாட்டம் ஆடுவார்கள் என்பதைப் பற்றி.

ஒற்றைக் காதுள்ள சிப்பாயை வீட்டுக்கு அனுப்புவதுதான் முறை. படை அனுப்பவில்லை. போருக்குப் பிறகு முரசுக் குதிரை ஒன்றை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கி, அதைப் பார்த்துக்கொள்ள வாட்டியை நிறுத்திக்கொண்டார்கள். அதற்காக அவர் படை மேல் வைத்திருந்த நன்றிக்கு அளவே கிடையாது. இவ்வளவு நன்றியைத் தாங்குகிற அளவுக்கு எங்கள் படை நல்லதும் இல்லை. ஆனால் அவர் வைத்துவிட்டார், நாங்கள் தாங்கிக்கொண்டோம்.

தினமும் காலை ஏழு மணிக்கு அவர் பிஷப்பை ஊருக்குள் நடத்திக்கொண்டு போவார். ஏறிப் போக மாட்டார். மேலதிகாரி மேல் ஏறுவது எப்படி என்பார். வாட்டியின் ஆணி வைத்த பூட்ஸ் சத்தம் பக்கத்தில் கேட்டால்தான் பிஷப் நடக்கும். கிர்க் தெருவில் பிரி ரொட்டிக்கடை முன்னால் இருவரும் நிற்பார்கள். நெட்டா பிரி மாவுக் கையோடு வெளியே வருவாள். வெண்ணெய் தடவிய பன் வாட்டிக்கு, வெறும் பன் பிஷப்புக்கு. இரண்டு வார்த்தை பேசுவார்கள். பிறகு திரும்பி வருவார்கள். எத்தனை மழையானாலும் இந்த நடை தவறாது. எங்கள் ஊரில் மழை என்பது வானிலை இல்லை, நிரந்தர முகவரி.

எழுபத்தொன்றாம் வருடம் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. முதலாவது, லண்டனிலிருந்து ஒரு கடிதம். டாங்கிப் படைக்கு லாடம் அடிப்பவர் எதற்கு, குதிரை எதற்கு என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி வந்தால் எங்கள் அலுவலகம் எப்போதும் கலங்கிவிடும். இரண்டாவது, ஊருக்குள் கத்தி உருவி முரசு முழக்கி நடக்கும் உரிமையை நகர மன்றம் எங்களுக்குக் கொடுத்த நாளின் ஆண்டு விழா. வழக்கமாகக் கோட்டை மேட்டுத் தெரு வழியாகப் போவோம். அந்த வருடம் அங்கே சாக்கடைக் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எனவே அணிவகுப்பு கிர்க் தெரு வழியாக என்று உத்தரவு வந்தது. உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நான்தான். அது எந்தக் கடை இருக்கும் தெரு என்பது எனக்கும் தோன்றவில்லை.

கிர்க் தெருவின் கடைசியில், ஒரு வளைவுக்கு அப்பால், நகர மண்டபம். படிக்கட்டில் மேடை போட்டு நகரத் தலைவரும் லண்டனிலிருந்து வந்த ஜெனரலும் மரியாதையை ஏற்கக் காத்திருந்தார்கள். கடிதம் எழுதிய இலாகாவின் ஆள்தான் ஜெனரல். தெருவின் இந்தக் கோடியில் நாங்கள். முன்னால் பிஷப். மேலே முரசடிக்கும் ஆர்ச்சி. இரண்டு கையிலும் குச்சி இருப்பதால் கடிவாள வாரைக் கால் விரலில் மாட்டியிருந்தான். பக்கத்தில் வாட்டி, தோளில் கோடாலியுடன். அந்தக் காலத்தில் காயப்பட்ட குதிரையின் வேதனையை முடிப்பதற்காக லாடக்காரர்கள் சுமந்த கோடாலி அது. வாட்டி அதைக் கொண்டு மர விறகு தவிர எதையும் வெட்டியதில்லை. ஆனாலும் அந்தக் கோடாலியை மாட்டினால் பிஷப்பிடம், "கண்டுக்காதே, சும்மா வேஷம்" என்று காதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்.

ரொட்டிக்கடை முன்னால் வந்ததும் பிஷப் நின்றது.

ஆர்ச்சி கால் விரலால் வாரை இழுத்தான். குதிரை கண்ணை மூடிக்கொண்டது. பின்னால் வந்த பைப் வாத்தியக்காரர்கள், நிற்கச் சொல்லி யாரும் சொல்லாததால் வாசித்துக்கொண்டே இருந்த இடத்தில் கால் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முந்நூறு சிப்பாய்கள். அதற்கும் பின்னால் மூன்று டாங்கிகள். அதில் நடுவில் இருந்தது, நின்ற கோபத்தில் இன்ஜின் அணைந்துபோயிற்று.

படையின் நிர்வாக அதிகாரி கேப்டன் மென்டித் ஓடி வந்து வாட்டியின் இடது பக்கம் நின்று கத்தினார். "கார்ப்பரல், அந்தக் குதிரையை நடத்து. நடத்துங்கிறேன்."

இடது பக்கம் நின்று வாட்டியிடம் பேசுவதும் கோட்டைச் சுவரிடம் பேசுவதும் ஒன்று. வாட்டி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்கதவு திறந்தது. மாவு படிந்த ஏப்ரனோடு நெட்டா வந்தாள். தெரு முழுக்க நிற்கிற படையைப் பார்த்தாள், கேப்டனின் ஒற்றைக் கையுறையைப் பார்த்தாள். "என்னய்யா வாட்டி, இன்னைக்கு ஊரையே கூட்டிட்டு வந்திருக்கே?" என்றாள்.

பிஷப்புக்குப் பன் கொடுத்தாள். பிஷப் அவசரப்படாமல் தின்றது. பிறகு வாட்டிக்கு வெண்ணெய் பன்னை நீட்டினாள். ஒரு கையில் கோடாலி, தலையில் கரடித் தோல் தொப்பி, மார்பில் பதக்கம். அவர் இன்னொரு கையால் வாங்கிக்கொண்டார். ஒற்றைக் காதுக்காரர் என்பதால் மெதுவாகப் பேச அவருக்கு வராது. அவர் சொன்ன நன்றி நகர மண்டபம் வரை கேட்டது. மேடையில் ஜெனரல் வெறும் தெருவைப் பார்த்து நான்கு நிமிடமாகக் கையை நெற்றியில் வைத்தபடி நின்றாராம். "வாத்தியம் கேக்குது, படையைக் காணோமே" என்று அவர் கேட்டதாகவும், "வந்துட்டே இருக்காங்க, பசி போல" என்று நகரத் தலைவர் சொன்னதாகவும் பின்னர் தெரிந்துகொண்டோம்.

மதியமே மென்டித் குற்றப்பத்திரிகை எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. விதி தவறினால் அவருக்கு வயிறு வலிக்கும், அவ்வளவுதான். திங்கள்கிழமை காலை கர்னல் ஓகில்வி முன்னால் விசாரணை. குற்றம் நிரூபணமானால் இரண்டும் முடிந்தது: பிஷப்பை விற்றுவிடுவது, வாட்டியை ஓய்வூதியத்துக்குச் சில வருடம் முன்பே அனுப்பிவிடுவது. லண்டன் கடிதத்துக்கும் அதுவே பதிலாகிவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று மென்டித் நினைத்திருக்கலாம், எங்கள் ஊரில் மாமரம் மட்டும் இருந்திருந்தால்.

வெள்ளிக்கிழமை மாலை படையின் தலைமை சார்ஜென்ட் ஸ்க்ரிம்ஜர் என் மேசைக்கு வந்தார். அவர் நடந்து வந்தால் மேசையில் பென்சில் உருளும்.

"எழுத்தரே, ஒரு தடவை நடந்தா என்ன?"

"குற்றம், சார்."

"ரெண்டு தடவை?"

"மரபு, சார்."

"அப்ப இன்னொரு தடவையைத் தேடு."

"எங்க சார் தேடறது?"

"நம்ம படையில நடந்த நல்லது எல்லாம் சுவத்துல தொங்குது. கெட்டது எல்லாம் அந்த அலமாரியில இருக்கு. தண்டனைப் புத்தகம். எடுத்துப் படி."

அலமாரியில் முப்பத்தெட்டுப் புத்தகங்கள். சனிக்கிழமை முழுதும், தேவாலய நேரம் போக ஞாயிறு முழுதும் படித்தேன். எங்கள் படையின் வீர வரலாற்றை நான் அதற்கு முன் பலமுறை தட்டச்சு செய்திருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாளில்தான் இவர்கள் மேல் எனக்குப் பாசம் வந்தது. கர்னலின் வாத்தைச் சமைத்துக் கர்னலுக்கே பரிமாறியவன். காவல் நேரத்தில் தூங்கியவன்; தூக்கத்தில் எதிரியைப் பிடித்ததாகக் கனவு கண்டேன், அதையும் கணக்கில் சேருங்கள் என்று மனு கொடுத்தவன். பாதிரியாரின் பிரசங்கத்தின்போது கொட்டாவியை "ஊதுகொம்பு ஒலிக்கும் அளவுக்கு" விட்டவன். சுவரில் தொங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே முகத்தில் இருக்கிறார்கள். இந்தப் புத்தகத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் வேறு வேறு ஆட்கள்.

ஞாயிறு மாலை இருபத்தொன்பதாவது புத்தகத்தில் கிடைத்தது. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு, ஜூன் மாதம். சிப்பாய் ஜேம்ஸ் லம்ஸ்டன், ஏழு நாள் காவல். குற்றம்: அணிவகுப்பின்போது 'சீசர்' என்னும் முரசுக் குதிரையை ஒரு விதவையின் ரொட்டி அடுப்பு முன்னால் நிற்கவிட்டு, அது எட்டு ரொட்டிகளைத் தின்று முடிக்கும் வரை படையைக் காக்கவைத்து, பொதுமக்களுக்குச் சிரிப்பு உண்டாக்கியது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்க்ரிம்ஜர் வீட்டுக்கு ஓடினேன். அவர் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு உள்ளே போய் எனக்கு ஒரு கோப்பை விஸ்கி ஊற்றிக்கொண்டு வந்தார். அவர் யாருக்காவது விஸ்கி ஊற்றினார் என்பது அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை. எனவே அது மரபாகவில்லை.

திங்கள்கிழமை கர்னல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வாட்டி தொப்பி இல்லாமல் நடுவில். மென்டித் ஒரு பக்கம், புத்தகத்தோடு ஸ்க்ரிம்ஜர் மறுபக்கம். நான் மூலையில் குறிப்பெடுத்தேன்.

கர்னல் அந்தப் பக்கத்தை மூக்குக்கண்ணாடி போட்டும் போடாமலும் படித்தார். "எட்டு ரொட்டியா?" என்றார்.

மென்டித் சொன்னார்: "சார், அன்னைக்கு அது நின்னது ஒரு விதவையோட அடுப்பு முன்னாடி. இது பிரி ரொட்டிக்கடை. ரெண்டும் வேற வேற இடம்."

"குதிரையும் வேற குதிரைதாங்க சார்" என்றார் ஸ்க்ரிம்ஜர். "நாமளும் வேற ஆளுங்க. இடது கை உறை தைக்காம விட்டவனும் செத்துட்டான், ஆனா உங்க இடது கை இன்னும் வெறுங்கைதான்."

மென்டித் தன் இடது கையைப் பார்த்தார். அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கார்ப்பரல், நீ ஏதாவது சொல்லணுமா?" என்று கர்னல் கேட்டார்.

வாட்டி தொண்டையைச் செருமினார். "ஐயா, உண்மையைச் சொல்லணும்னா, அன்னைக்கு பிஷப்..."

ஸ்க்ரிம்ஜர் காலைத் தரையில் அடித்து நிமிர்ந்த சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. "கார்ப்பரலுக்கு ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லைங்க சார்."

கர்னல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருடம் படையில் இருந்தவர். எதைக் கேட்கக் கூடாது என்பதும் பயிற்சியில் சேர்ந்ததுதான். "மரபைக் காப்பாத்தினவனைத் தண்டிச்சா நாளைக்கு எவன் காப்பாத்துவான்?" என்று சொல்லிக் குற்றப்பத்திரிகையை மடித்தார். "அப்படிப் பார்த்தா இந்த லம்ஸ்டனுக்கும் அநியாயம் நடந்திருக்கு. அவரோட ஏழு நாளைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"ஆள் போய் ரொம்ப வருஷம் ஆச்சுங்க சார்."

"வாரிசு இருப்பாங்க இல்ல? அவங்களுக்குக் கொடுங்க."

தேடிப் பிடித்தேன். கொள்ளுப்பேரன் டண்டீ நகரில் பல் மருத்துவர். ஏழு நாள் திரும்பக் கிடைத்ததற்கு மிகவும் நன்றி, அதை என்ன செய்வது என்று தெரியப்படுத்தவும் என்று பதில் எழுதினார். லண்டனுக்கும் கடிதம் போயிற்று: நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு மரபை நிறைவேற்றக் குதிரையும் லாடக்காரரும் இன்றியமையாதவர்கள் என்று. மரபு என்ற சொல்லை ஏழு இடத்தில் போட்டேன். லண்டன் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

விசாரணை முடிந்த அன்று மதியம் கையெழுத்து வாங்க லாயத்துக்குப் போனேன். வாட்டி பிஷப்பின் பின்னங்காலை மடியில் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் வலது பக்கமாகப் போய் நின்றேன்.

"கர்னல்கிட்ட என்ன சொல்ல வந்தீங்க?" என்றேன்.

அவர் குளம்பைக் கீழே வைத்தார். "பிஷப் நிக்கலை, எழுத்தரே. நான்தான் நின்னேன்."

"என்னது?"

"கடை வந்துச்சு. என் காலு நின்னுடுச்சு. இருபத்தஞ்சு வருஷமா அங்க நிக்கிற காலு. கோடாலி, தொப்பி, ஜெனரல் எதுவும் அதுக்குத் தெரியலை. என் பூட்ஸ் சத்தம் நின்னதும் பிஷப்பும் நின்னுட்டான். ஊரெல்லாம் குதிரைதான் நின்னுதுன்னு சொல்றாங்க."

"அப்ப கேப்டன் கத்தினது?"

"கேக்கலைன்னுதான் சொல்லுவேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "பாதி கேட்டுச்சு. ஆனா நெட்டா கதவைத் திறக்கிற சத்தமும் கேட்டுச்சு. அதுக்கப்புறம் எப்படிப் போறது?"

எங்கள் படையில் கீழே இருக்கிறவன் மேல் மேலே இருக்கிறவர்கள் பழி போடுவதுதான் வழக்கம். மேலதிகாரி மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்த ஒரே கார்ப்பரலும் வாட்டிதான். அது அவரை உறுத்தியது. அன்றிலிருந்து தன் வெண்ணெய் பன்னில் பாதியைப் பிஷப்புக்குக் கொடுத்தார். பிஷப் மன்னித்ததாகத் தெரிந்தது. அது எதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் மன்னிக்கும்.

அடுத்த வருட விழாவுக்குச் சாக்கடை வேலை முடிந்திருந்தது. ஆனாலும் கிர்க் தெரு வழிதான் என்று கர்னல் சொல்லிவிட்டார். மரபு ஆகிவிட்டதால் அதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். எத்தனை அடி தூரத்தில் நிற்பது, வாத்தியம் எப்போது ஓய்வது, யார் என்ன சொல்வது எல்லாவற்றையும் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு வந்தது. மென்டித்தே பக்கத்தில் உட்கார்ந்து நிமிடக் கணக்கைச் சரிபார்த்தார். விதியாகிவிட்டதும் அவருடைய வயிற்று வலி போய்விட்டது.

வாட்டியிடம் கேட்டேன். "தினமும் அங்க என்ன பேசிக்குவீங்க? உத்தரவுல சேர்க்கணும்."

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. பிஷப்பின் பிடரியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆஸ்பத்திரியிலருந்து வந்த புதுசு. எனக்கு எதுவும் பிடிக்கலை. நாலு பேரு உள்ள இருக்கறப்ப நான் மட்டும் எதுக்கு வெளிய வந்தேன்னு ஒரே யோசனை. அந்தக் கடை வாசல்ல சும்மா நின்னேன். நெட்டா அப்ப சின்னப் பொண்ணு. ஒரு பன் கொடுத்தா. வெண்ணெய் கிடைக்காத காலம். தடவாமலே தடவியிருக்கேன்னு சொன்னா. காசு எடுத்தேன், வாங்கலை. 'நாளைக்கும் வா'ன்னா. வேற யாரும் எனக்கு நாளைக்குன்னு எதுவும் சொல்லலை. மறுநாள் போய், 'இன்னைக்கும் வந்துட்டேன்'னேன். அதான். அதைத்தான் ரெண்டு பேரும் சொல்லிக்கிறோம்."

நான் அதை அப்படியே மூன்று பிரதி எடுத்தேன். கர்னல் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

விழா அன்று பிஷப் நின்றது, அல்லது வாட்டி நின்றார். முந்நூறு பேரும் நின்றார்கள். டாங்கிகளும் நின்றன, நடுவில் இருந்தது உத்தரவில் இல்லாமலே அணைந்தது, இரண்டாவது முறை. நெட்டா புதுத் தொப்பியும் பழைய ஏப்ரனுமாக வெளியே வந்தாள். மேடையை விட்டு இறங்கி ஜெனரலும் கடை வாசலுக்கு வந்து நின்றிருந்தார், பன் வாங்கும் வரிசையில் மென்டித்துக்குப் பின்னால்.

"இன்னைக்கும் வந்துட்டோம்" என்றார் வாட்டி. நகர மண்டபம் வரை கேட்டது.

"நாளைக்கும் வாங்க" என்றாள் நெட்டா. பின்னால் நின்ற முந்நூறு பேரை எட்டிப் பார்த்து, "ஆனா இத்தனை பேரோட வேணாம்" என்றாள். அது உத்தரவில் இல்லை. அடுத்த வருடமும் அவள் அதையே சொன்னதால் அதையும் சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று.